ஷிப்ட் முடிந்து பாட வருகிறவர்கள்

"அண்ணே, மேடையில அந்த மாதிரி பாடுறாரு. அப்புறம் எதுக்கு அவரு இன்னும் கம்பெனிக்குப் போயினு இருக்காரு?"

மணலியில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அப்ரண்டிஸ் சேரக் காத்திருக்கும் தம்பி ஒருவர், டீக்கடையில் என்னிடம் கேட்டது இது. முந்தின நாள் ஒரு கல்யாண வரவேற்பில் அவர் கேட்ட பாட்டுக்காரர், இங்கேயே ஒரு கம்பெனியில் ஃபிட்டர். தம்பிக்குக் கீபோர்டு வாசிக்க வரும். அதனால் அவர் கேட்டது தன்னைப் பற்றியும்தான்.

காசு போதாது என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி நேரத்தைப் பற்றியது. ஒரு வேலை ஒருவருக்கு எந்த நேரத்தை மிச்சம் வைக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அவர் எந்தப் பாட்டைப் பாடுவார், எந்த வாத்தியத்தைக் கையில் எடுப்பார் என்பதெல்லாம் அமைகிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும், இந்தப் பக்கம் மணலி வரைக்கும், இதைத் தெருத்தெருவாகப் பார்க்கலாம். இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள், கொஞ்சம் விவரமாகவே பேசலாம்.

முதலில் காசுக் கணக்கை முடித்துவிடுவோம். மேடைக் கச்சேரி சீசன் தொழில். ஆடி, புரட்டாசி, மார்கழி என்று மூன்று மாதம் கல்யாண மண்டபங்கள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள் கைகொடுக்கும். மற்ற மாதங்களிலும் முகூர்த்த நாள் வந்தால் ஒரே மாலைக்கு மூன்று பார்ட்டி கூப்பிடுவார்கள், ஒன்றுக்குத்தான் போக முடியும். அடுத்த சில வாரம் போனே அடிக்காது. வீட்டு வாடகைக்கும் பிள்ளைகள் ஸ்கூல் ஃபீஸுக்கும் சீசன் கிடையாது. இதற்கு நடுவில் குழுவும் சுருங்கிவிட்டது. டிரம்பெட், சாக்ஸபோன், வயலின், டிரம்ஸ், கொங்கா என்று மேடை நிறைய ஆள் இருந்த ஆர்க்கெஸ்ட்ரா, முதலில் கீபோர்டும் பேடுமாகச் சுருங்கியது. இப்போது லேப்டாப்பில் மைனஸ் டிராக் போட்டு இரண்டு பேர் பாடினால் வரவேற்பு முடிந்துவிடுகிறது. வாத்தியக்காரர்களில் பலருக்கு மாதச் சம்பள வேலை இல்லாமல் தீராது.

இனி நேரத்துக்கு வருகிறேன். அதற்கு இந்த ஊரின் பழைய கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மணலி என்றதும் குழாய்களும் புகைபோக்கியும் டேங்கர் லாரியும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். 1965-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ரிஃபைனரீஸ், இன்றைய சி.பி.சி.எல்., 1969-ல் எண்ணெய் சுத்திகரிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் உரத் தொழிற்சாலை வந்தது, பெட்ரோ கெமிக்கல் கம்பெனிகள் வந்தன. ஆனால் அதற்கு ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பே கர்நாடக சங்கீத வரலாற்றில் மணலிக்குப் பெரிய இடம் உண்டு. கவர்னர் பிகட்டிடம் துபாஷாக இருந்தவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். கம்பெனிக்காரர்களுக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று, பேசி முடித்து, வாங்கி விற்கிற உத்தியோகம் அது. ராமநாடகம் பாடிய அருணாசலக் கவிராயரை ஆதரித்தவர் அவர். ராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு மணலிக்கு வரவழைத்துக் குடிவைத்தவரும் அவர்தான். முத்துசாமி தீட்சிதரின் இளமைக்காலத்தில் ஒரு பகுதி இந்த ஊரில் கழிந்தது.

முதலியாருக்குப் பின் அவர் மகன் சின்னையா முதலியார். அவருக்கும் ஜார்ஜ் கோட்டைக்கும் போக்குவரத்து உண்டு. கோட்டையில் ஐரோப்பியர்களின் பேண்டு வாசிப்பு நடக்கும். தீட்சிதர் சகோதரர்கள் அதைக் கேட்டார்கள். தம்பி பாலுசாமி தீட்சிதருக்கு வயலின் மேல் ஆசை வந்தது. ஓர் ஐரோப்பியரைக் கொண்டு அவருக்கு வயலின் சொல்லிக்கொடுக்க முதலியார் வீடு ஏற்பாடு செய்தது. அண்ணன் முத்துசாமி தீட்சிதரோ, அந்த பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். இன்று குழந்தைகள் பாடும் நோட்டுஸ்வரங்கள் அவைதான். பிரிட்டிஷ் ராஜகீதத்தின் மெட்டும் அதில் ஒன்று.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோட்டையில் பேண்டு வாசித்தவர்கள் பட்டாளத்துச் சம்பளத்தில் இருந்தவர்கள். அவர்களை அறிமுகப்படுத்தியது கணக்குவழக்கும் பேரமுமாகப் பகலைக் கழித்த ஒரு துபாஷ் குடும்பம். இன்று வயலின் இல்லாமல் கர்நாடகக் கச்சேரியே இல்லை. அந்த வயலின் நம் சங்கீதத்துக்குள் நுழைந்த வழிகளில் முக்கியமானது, வேறு உத்தியோகம் பார்த்த இந்த மனிதர்களின் மாலை நேரம்.

இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஏ.எம். சின்னசாமி முதலியார் என்று ஒருவர். எம்.ஏ. படித்தவர், கத்தோலிக்கர், சென்னைத் தலைமைச் செயலகத்தில் சூப்பரின்டென்டன்ட். கோப்பு பார்ப்பது அவர் வேலை. ஆனால் நம் கீர்த்தனைகளையெல்லாம் மேல்நாட்டு ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதி அச்சில் ஏற்றிவிட வேண்டும் என்ற தீராத ஆவல் அவருக்கு. சொந்தக் காசைப் போட்டு 1890-களின் தொடக்கத்தில் பகுதி பகுதியாக அச்சிட்டு வெளியிட்டார். முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை அச்சுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. பாலுசாமி தீட்சிதரின் வழிவந்த சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் இருந்தார். குடும்பப் பாடாந்தரத்தை நொட்டேஷனோடு எழுதிவைக்கச் சொல்லி அவரை விடாமல் வற்புறுத்தியவர் சின்னசாமி முதலியார். 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. தீட்சிதர் கீர்த்தனைகளுக்கு இன்றும் அதுதான் மூலம். ஆபீஸ் முடிந்த பிறகு விளக்கைக் கிட்டே வைத்துக்கொண்டு சுரம் எழுதிய ஒரு அரசாங்க ஊழியர் இல்லையென்றால், அந்தப் புத்தகத்துக்கான முதல் தூண்டுதல் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இதைச் சொன்னதும் தம்பி கேட்டார்: "அவரு என்னா வாசிப்பாரு?" நல்ல கேள்விதான். ஆனால் அவர் செய்ததைக் கவனிக்க வேண்டும். தினமும் பத்து மணிக்கு ஆபீஸ், மாலையில் விடுதலை, ஞாயிறு லீவு. இப்படி ஒழுங்காக அறுத்துவைத்த நேரம் கிடைப்பவரால் எழுதிவைக்கிற, தொகுக்கிற, நீண்ட வேலையைச் செய்ய முடியும். மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் வழக்குக் கேட்டுத் தீர்ப்பு எழுதிக்கொண்டேதான் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' பாடினார், 1879-ல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்ற முதல் தமிழ் நாவலையும் எழுதினார். டி.எல். வெங்கடராம ஐயர் தொழிலால் வக்கீல். அம்பி தீட்சிதரிடம் பாடம் கேட்டுத் தீட்சிதர் கீர்த்தனைகளில் கரைகண்டவர், டி.கே. பட்டம்மாளுக்கே கீர்த்தனைகள் சொல்லிக்கொடுத்தவர். 1944-ல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. பத்து ஆண்டு கழித்து உச்ச நீதிமன்ற நீதிபதியானார். பெரியசாமித் தூரன் கோயம்புத்தூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியர், பிறகு தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர். அவர் பாட்டுகள் இல்லாத தமிழிசை மேடை இல்லை.

வெளிநாட்டிலும் இப்படித்தான். ரஷ்யாவில் போரோதின் வேதியியல் பேராசிரியர். 'இளவரசர் ஈகோர்' என்ற இசை நாடகத்தை ஏறக்குறைய 18 ஆண்டு கையில் வைத்திருந்தார். 1887-ல் இறக்கும்போதும் அது முடியவில்லை. நண்பர்கள் ரிம்ஸ்கி கோர்சகோவும் கிளசுனோவும் முடித்துவைத்தார்கள். அந்த ரிம்ஸ்கி கோர்சகோவ் கடற்படை அதிகாரியாக வேலையைத் தொடங்கியவர். அமெரிக்காவில் சார்லஸ் ஐவ்ஸ் இன்ஷூரன்ஸ் ஏஜென்சி நடத்தினார். அவருக்கு 1947-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. போரோதின் கதையைத் தம்பியிடம் மறைக்காமல் சொன்னேன். வேலை பார்த்துக்கொண்டே இசை செய்கிறவர் சிலதை முடிக்காமல் விட்டுவிட நேரும். அந்த விலை உண்மையானது.

இப்போது நம் கம்பெனிக் கேட்டுக்கு வருவோம். ஆபீஸ் நேரம் வேறு, ஷிப்ட் நேரம் வேறு.

சுத்திகரிப்பு ஆலையை இரவில் அணைத்துவிட்டுக் காலையில் போட முடியாது. 24 மணி நேரமும் ஓட வேண்டும். ஆகவே காலை 6 முதல் 2, பகல் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6 என்று மூன்று ஷிப்ட், வாரம் மாறி மாறி வரும். 48 மணி நேர வாரத்துக்குள் ஆள் கணக்கு சரியாக வர வேண்டும் என்பதால், ஒரு பேட்ச் ஓய்வில் இருக்க மற்ற மூன்றும் சுழலும். இதில் ஒரு பாட்டுக்காரரை வைத்துப் பாருங்கள். முதல் ஷிப்ட் வாரம் அவருக்குப் பொன்னான வாரம். ரெண்டு மணிக்கு விட்டால் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து ஆறு மணிக்கு ரிகர்சல். இரண்டாம் ஷிப்ட் வாரம் மாலையே கிடையாது, அந்த வாரம் அவர் குழுவுக்கு இல்லாத ஆள். நைட் ஷிப்ட் வாரம் பார்வைக்கு மாலை காலியாக இருக்கும். ஆனால் ஒன்பது, ஒன்பதேகாலுக்குக் கம்பெனி பஸ். வரவேற்பில் மாப்பிள்ளை மேடைக்கு வருவதே எட்டரைக்குத்தான்.

போதாததற்கு, ரிலீவர் வந்து கையெழுத்துப் போடாமல் கன்ட்ரோல் ரூமை விட்டு நகர முடியாது. அங்கே மேடையில் அறிவிப்பாளர் இவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார், இங்கே இவர் கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆலையை நிறுத்திப் பராமரிப்பு பார்க்கிற ஷட்டவுன் வந்துவிட்டால் லீவு என்ற பேச்சே எடுக்கக் கூடாது. அதே சமயம் ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம். பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய வருடத்தில் ஓ.டி.யை விட்டுவிட்டுப் பாடப் போவாரா என்று வெளியிலிருந்து கேட்பது எளிது.

அப்படியும் குழுக்கள் எப்படி ஓடுகின்றன? ஷிப்ட் மாற்றிக்கொள்வதால்தான். "நீ என் செகண்ட் ஷிப்டைப் பாரு, நான் உன் நைட்டைப் பார்த்துக்கிறேன்" என்று ஒத்துக்கொள்கிற சக தொழிலாளி ஒருவர் ஒவ்வொரு ஷிப்ட் பாடகருக்குப் பின்னாலும் இருக்கிறார். அவருக்குப் பாட்டு தெரியாது, மேடையில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. இவர்களை ஊர் கவனிக்க வேண்டும் என்று எனக்குப் பல நாளாக ஆசை.

இரண்டாவது காரணம், குழுக்கள் ஆளுக்கு ஆள் ஈடு வைத்துக்கொள்கின்றன. ஒரு டோலக்குக்கு இரண்டு ஆள், ஒரு எஸ்.பி.பி. குரலுக்கு இரண்டு பேர். யார் எந்த ஷிப்டில் இருக்கிறார்களோ அதைப் பார்த்து ஆள் மாறும். இதனால்தான் இந்தக் குழுக்கள் புதுப் பாட்டு போடுவதில்லை, எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டிலேயே நிற்கின்றன. பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் ரிகர்சலுக்கு உட்கார முடியாத குழு, எல்லோரும் ஏற்கெனவே அறிந்த பாட்டைத்தான் வாசிக்க முடியும். இவர்களுக்குக் கற்பனை இல்லை என்று சொல்பவர்கள் இவர்களுடைய டியூட்டி சார்ட்டை ஒருமுறை பார்க்கட்டும்.

வேலை நேரத்தை எடுத்துக்கொள்கிறது, சரி. அது ஏதாவது கொடுக்கிறதா? காதைக் கொடுக்கிறது. அனுபவப்பட்ட ஃபிட்டர் ஒருவர் பம்ப்பைப் பரிசோதிப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் மூடியின் மேல் வைப்பார். கைப்பிடிப் பக்கத்தைக் காதோடு அழுத்திக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் நாலு மெஷின் அலறிக்கொண்டிருக்கும். அதற்குள்ளிருந்து ஒரு சிறு நறநறப்பை மட்டும் பிரித்துக் கேட்டு, "உள்பக்க பேரிங் போயிட்டு இருக்கு, இந்த வாரம் மாத்திடுங்க" என்பார். அதே மனிதர் மாலையில் டோலக்கின் கயிற்று வளையங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, தட்டித் தட்டிக் கேட்டுச் சுருதி கூட்டும்போது, தலை சாய்வதும் கண் மூடுவதும் அதே மாதிரிதான் இருக்கும். அவர் காது ஒன்றுதான். கம்பெனி அதற்குத் தினமும் எட்டு மணி நேரம் சாதகம் கொடுத்திருக்கிறது.

அந்தக் காதையே கம்பெனி எடுத்துக்கொள்ளவும் கூடும். நம் நாட்டு விதிப்படி எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரைதான் காது தாங்க விடலாம். கம்ப்ரஸர் ஹவுஸில் நிற்பவர், பகலில் அந்த இரைச்சலையும் ராத்திரி மேடையில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்து இரைச்சலையும் சேர்த்து வாங்குகிறார். உள்காதின் நுண்ணிய மயிர்ச்செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. முதலில் மேல் ஸ்தாயி மங்கும், அப்புறம் ராத்திரியில் காதுக்குள் ரீங்காரம். இயர் பிளக் போட்டால் கூச்சமாக இருக்கிறது, பேச்சு கேட்பதில்லை என்று கழற்றி பாக்கெட்டில் வைத்துக்கொள்கிறவர்கள் பலர். பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் அதைக் கழற்றவே கூடாது. தம்பியிடம் நான் கண்டிப்பாகச் சொன்னது இது ஒன்றைத்தான்.

இங்கே இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் பாட்டும் வேலையும் ஒரே நேரத்தில் நடந்தன. கரைவலை இழுக்கும்போது அம்பா பாட்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடிக்கொண்டே ஒரே மூச்சில் கயிற்றை இழுப்பார்கள். பாட்டு அங்கே பொழுதுபோக்கு இல்லை, பத்துப் பேர் கையை ஒன்றாகச் சேர்க்கும் கருவி. வலையை இழுக்க வின்ச் வந்தது, படகுக்கு மோட்டார் வந்தது. துறைமுகத்தில் கும்பலாக மூட்டை தூக்கிய இடத்தில் கன்டெய்னரும் கிரேனும் வந்தன. சென்னையில் கன்டெய்னர் முனையம் 1983-லேயே வந்துவிட்டது. கிரேன் கேபினில் தனியாக உட்கார்ந்திருப்பவர் யாரோடு சேர்ந்து பாடுவார்? ஆலைக்குள்ளோ வாயைத் திறந்தாலும் கேட்காது. பாட்டு வேலையை விட்டு வெளியே வந்து, வேலைக்குப் பிந்தின நேரத்தைத் தேடத் தொடங்கியது.

கிடைத்த நேரமோ தொழிலுக்குத் தொழில் வேறு. காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது சித்திரை, வைகாசி முகூர்த்த காலம். படகில் போகிறவர்களில் பேண்டு செட்டு வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு, கடலில் வருமானம் நின்ற நேரத்தில் மண்டப வாசலில் கொஞ்சம் கிடைக்கும். டிரெய்லர் ஓட்டுபவருக்குக் கதை வேறு. துறைமுக கேட் திறக்கக் காத்து, மணலிச் சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பார்கள். அந்தக் கேபினுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனில் ஸ்மூல் என்ற பாட்டு ஆப்பைத் திறந்து, எங்கோ துபாயிலோ மலேசியாவிலோ இருக்கிற ஒருவரோடு டூயட் பாடுகிறார்கள். ரிகர்சல் வேண்டாம், குழு வேண்டாம், தேதி வேண்டாம். காத்திருக்கிற நேரம் துண்டு துண்டாகக் கிடைப்பவருக்குத் துண்டு துண்டாகப் பாடக் கிடைத்த இடம் அது. ஆட்டோ ஓட்டுபவர்கள் நிலையும் ஏறக்குறைய இதேதான்.

இந்தப் பின்னணியில் கானாவை வைத்துப் பார்த்தால் அது ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும். சாவு விழுந்த வீட்டில் உறவுக்காரர்கள் வந்து சேரும் வரை உடல் இரவு முழுக்க இருக்கும். கூட இருப்பவர்கள் தூங்கக் கூடாது. பாடுகிறவர் பகலில் மூட்டை தூக்கியவர், வண்டி இழுத்தவர், பெயின்ட் அடித்தவர். ராத்திரி சாப்பாடு முடிந்து வருவார், விடியும் வரை பாடுவார், காலையில் வேலைக்குப் போவார். ரிகர்சலுக்கு நேரமே இல்லாத மனிதர்கள் உண்டாக்கிய பாட்டு முறை இது. மெட்டு எல்லோருக்கும் பழகியது. சொல் மட்டும் அன்றைக்குப் புதிது. செத்தவர் என்ன வேலை பார்த்தார், எந்தத் தெரு, எந்தக் கடையில் டீ குடிப்பார், யாருக்கு உதவினார், யாரைத் திட்டினார் என்பதெல்லாம் அங்கேயே கேட்டு அங்கேயே பாட்டாகும். டோலக் இருந்தால் டோலக், இல்லாவிட்டால் டேபிளும் தகர டப்பாவும். என் தீர்மானமான எண்ணம், இதை வசதியில்லாதவர்களின் குறைப்பட்ட சங்கீதம் என்று பார்ப்பது தவறு. கூலி வேலையின் நேரத்துக்குள் கச்சிதமாகப் பொருந்தும்படி, ஒத்திகை தேவைப்படாத ஒரு கலையையே இந்த மக்கள் கட்டியெழுப்பியிருக்கிறார்கள்.

கானா பாலா வழக்கறிஞர் என்பது பலருக்குத் தெரியாது. 'அட்டகத்தி' படம் 2012-ல் வருவதற்கு முன்பே அவர் வடசென்னையில் பெயர் வாங்கியவர். 2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி செய்தபோது, கானா பாடகர்கள் ராக், ராப் கலைஞர்களோடு ஒரே மேடையில் சமமாக நின்றார்கள். 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' விழா தொடங்கியது. அதற்குப் பிறகு கானாவைக் கச்சேரி மேடைக்கு உரியதில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ஆண்கள் கோலோச்சிய கானாவில் ராயபுரத்து இசைவாணி பாடி நின்றார். 2020-ல் பி.பி.சி. தேர்ந்தெடுத்த 100 பெண்களில் ஒருவரானார். அவர் வெளியே தெரிந்தவர். ஏற்றுமதி கார்மென்ட்ஸில் தைக்கிறவர், நர்ஸ், டீச்சர், வீட்டு வேலைக்குப் போகிறவர் என்று பாடத் தெரிந்த எத்தனையோ பெண்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். ஆணுக்கு வேலை முடிந்தால் நேரம் வருகிறது. பெண்ணுக்கு வேலை முடிந்தால் அடுப்பு வருகிறது. கச்சேரி முடிந்து பதினொரு மணிக்கு வீடு திரும்ப வண்டி வேண்டும், கூட ஆள் வேண்டும். அதனால்தான் பெண் குரல்களை சர்ச் கொயரிலும், கோயில் பஜனையிலும், பகலில் நடக்கும் வளைகாப்பிலும் அதிகம் கேட்கிறோம். மேடைக்காரர்கள் பெண் பாடகியைக் கூப்பிடும்போது, அவர் வீடு போய்ச் சேரும் வண்டிச் செலவைப் பேட்டாவோடு சேர்த்துப் பேசுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

"சரிண்ணே, கவர்மென்ட் வேலை கிடைச்சா வாசிக்க விடுவாங்களா?" என்றார் தம்பி. விடுவார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 15-ஆவது விதி, எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணிகளுக்கு முன் அனுமதி தேவையில்லை என்றே சொல்கிறது. ஆபீஸ் வேலை கெடக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அதற்காகப் பணம் வாங்க வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். பொதுத்துறைக் கம்பெனிகளுக்குத் தனித்தனி விதிகள் உண்டு, சேர்ந்த உடனே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ரயில்வேயில் கலாச்சார ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. வாசிக்கத் தெரிந்ததற்காகவே வேலை கொடுக்கிற இடம் அது, விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான் என்றாலும். பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்திலேயே இருக்கிறது, அறிவிப்பு வரும்போது தவற விடக் கூடாது. பறை, சட்டி மேளம், கானா என்று இருப்பவர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யும் வழியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2007-லிருந்து அந்த வாரியம் இருக்கிறது. பதிவு செய்யாமலே வயதாகிப் போனவர்கள் இங்கே நிறைய.

கம்பெனியில் சேர்ந்தால் கீபோர்டை மூட்டை கட்ட வேண்டியதில்லை என்று தம்பியிடம் சொன்னேன். முதல் வருடம் உடம்பு ஷிப்டுக்குப் பழகட்டும். அந்த வருடம் கச்சேரிக்கு ஒத்துக்கொள்ளாமல், வீட்டில் ஹெட்போன் போட்டுத் தினமும் அரை மணி வாசித்தால் போதும். கை மறக்காது. இரண்டாம் வருடம் ஒரு குழுவில் ஈடு ஆளாகச் சேரலாம். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் இறங்கலாமா என்ற கேள்வி அதற்கப்புறம் வரட்டும். சிலர் விட்டு ஜெயித்திருக்கிறார்கள். விடாமலே ஊருக்கு நல்ல பாட்டுக் கொடுத்தவர்கள் அவர்களைவிட அதிகம். இரண்டாமவர்களைத் தோற்றவர்கள் என்று நினைக்கும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

கச்சேரி வைக்கிறவர்களுக்கும் கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டிலிருந்து விதி. ஆறரைக்கு என்று நோட்டீஸ் அடித்தால் ஆறரைக்கே தொடங்குங்கள். எட்டரை வரை விருந்தினருக்காகக் காக்கவைத்தால் நைட் ஷிப்ட்காரர் பாடாமலே கிளம்ப வேண்டியதுதான். பேசிய பணத்தை மேடையை விட்டு இறங்கும்போதே கையில் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், தேதியை ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். டியூட்டி சார்ட் போடுவதற்குள் தெரிந்துவிட்டால் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள்.